விமலாதேவியின் மகன் பனிக்கடலில் குதித்த விபரம்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பின் தங்கச்சி விமலாதேவி அறிவது,

இங்கு நானும் உன் மச்சாளும் மகள் ஹம்சத்வனியும் நலம். லண்டன் ஹரோவில் நீயும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகின்றேன். உன் மகன் அபிலாஷும் நலம். கைவிரல் பத்து, கால்விரல் பத்து, யாவற்றையும் நானே இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை தொடக்கம் நீ என் தொலைபேசி அழைப்பை எடுக்காதபடியாலும், அவனுக்கும் "சரி" என்ற ஒரு சொல்லுக்கு மேல் எழுதாதபடியாலும், நாளை விமானம் ஏறும் அவன் கையிலேயே இக்கடிதத்தை ஒட்டிக் கொடுத்தனுப்புகின்றேன்.

எங்கள் கல்லூரியின் முகநூல் பக்கத்தில் வந்த அந்தப் படத்தை நீ பார்த்துவிட்டாய் என்று அறிகின்றேன். பனிக்கட்டி மிதக்கும் கடலில் உன் மகன் காற்சட்டையோடு மட்டும் நின்று வாயைப் பிளக்கின்றான். கீழே "நோர்வேயில் படிக்க வாருங்கள்" என்று எழுதியிருக்கின்றது. அவன் சிரிக்கின்றான், தங்கச்சி. அழவில்லை. அதைத் தெளிவுபடுத்தவே இதனை எழுதுகின்றேன்.

நடந்ததை ஒழுங்காச் சொல்லுறன். நான் காவலும் திருத்த வேலையும் பாக்கிற கல்லூரி சின்னது எண்டு உனக்குத் தெரியும். அங்கை ஆங்கிலத்திலை நடக்கிற கடல் படிப்புக்குப் பிரித்தானியப் பிள்ளையள் கொஞ்சப்பேர் வந்தால்தான் அடுத்த வருசமும் வகுப்பு நடக்கும் எண்டு அதிபர் இங்வில்ட் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவ. ஒருநாள் நான் குழாய் திருத்திக்கொண்டிருக்கேக்கை வந்து, "சந்திரகுமார், உமக்கு லண்டனிலை ஆரும் இருக்கினமோ?" எண்டு கேட்டா. ஒஸ்லோவிலை எந்தத் தமிழனுக்கு லண்டனிலை ஆளில்லை? ஓம் எண்டிட்டன். அந்த ஒரு ஓமிலை நான் ஆள்சேர்ப்பு அலுவலராகிப் போனன். நீயும் பாவம், உன்ரை தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை சொல்லி ஐஞ்சு பிள்ளையளைச் சேத்து விட்டனீ. அபிலாஷ் சும்மா துணைக்குத்தான் வாறான், படிக்க இல்லை எண்டும் சொன்னனீ. எனக்கு ஞாபகம் இருக்கு.

சனிக்கிழமை காலமை நிகழ்ச்சி நிரலிலை முதலாவது சவுனா. அது துறைமுகத் தண்ணியிலை மிதக்கிற மர அறை. உள்ளுக்கை இருந்து புட்டு மாதிரி அவிஞ்சு, வெளியாலை வந்து கடலிலை குதிக்கிறது. காசு குடுத்துத்தான் இதைச் செய்யினம். நான் உள்ளுக்குப் போகேல்லை, மேல்கோட்டோடை கரைத் தட்டிலை நிண்டு பிள்ளையளின்ரை செருப்புகளைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அப்ப கதவு திறந்துது, உன்ரை மகன் ஓடி வந்தான், தண்ணிக்குள்ளை போனான், பிறகு ஒரு அலறல். அவன்ரை கூட்டாளி லூக்காஸ், லண்டனிலையிருந்து அவனோடை தொத்திக்கொண்டு வந்த அந்த வெள்ளைக்காரப் பெடியன், "அபி! அபி!" எண்டு கத்தினான். அது உற்சாகப்படுத்தினதாம். எனக்கு எப்பிடித் தெரியும்? உன்ரை முகந்தான் எனக்கு முன்னாலை வந்துது. மேல்கோட்டு, சப்பாத்து, குல்லா எல்லாத்தோடையும் நானும் குதிச்சிட்டன். அவன் என்னைக் கண்டு, "மாமா, நீங்களுமோ!" எண்டு சந்தோசப்பட்டான். பிறகு நான் தாழுறதைக் கண்டு அவன்தான் கொலரிலை பிடிச்சு ஏணிக்கு இழுத்துக்கொண்டு வந்தவன். அந்தப் படத்திலை அவனுக்குப் பின்னாலை கறுப்பா ஒண்டு மிதக்குதெல்லே? கடல்நாய் எண்டு நினைச்சிருப்பாய். அது நான்.

கரைக்கு வந்தாப் பிறகுதான் பொக்கற்றைத் தடவினனான். கல்லூரித் திறப்புக் கோர்வை முழுக்கக் கடலுக்கை போட்டுது. மற்றத் திறப்பு வச்சிருக்கிற மனுசன் மலையிலை தன்ரை குடிலுக்குப் போய், போனையும் நிப்பாட்டிப்போட்டார். பன்னிரண்டு மணிக்கு, பூட்டிக்கிடக்கிற மண்டபத்திலை, அதிபரின்ரை விளக்க உரை. வெளியாலை குளிர் கழிச்சு ஆறு பாகை. வேறை என்ன செய்யிறது, அதிபரோடை எல்லாரையும் வீட்டை கூட்டிக்கொண்டு வந்திட்டன். சவுனாவிலை இருந்த ஒரு நோர்வேக்காரி இரக்கப்பட்டுத் தந்த ரோசாப்பூ நிறக் கம்பளி உள்ளுடுப்போடை எல்லிங்ஸ்ருட் வரைக்கும் தே-பானே எண்ட சுரங்க ரயிலிலை நிண்டு வந்தனான். ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. முப்பத்தெட்டு வருசமா இருக்கிற இந்த நாட்டின்ரை அருமை அண்டைக்குத்தான் எனக்கு வடிவா விளங்கினது.

உன்ரை மச்சாள் கதவைத் திறந்து, என்னைப் பாத்து, பின்னாலை நிண்ட எட்டுப் பேரையும் பாத்து, நேரை குசினிக்குள்ளை இடியப்பம் அவிக்கப் போட்டா. சோபாவிலை பிள்ளையள், ரீவிக்கு முன்னாலை மேசையிலை என்னோடை இங்வில்ட். அவ நல்ல மனுசி, ஆனால் பொய் சொல்லத் தெரியாது. "டிசம்பரிலை வெளிச்சம் எத்தினை மணித்தியாலம்?" எண்டு ஒரு பிள்ளை கேட்டுது. "ஆறு, மழைமுகில் இல்லாட்டில்." "சிநேகிதர் பிடிக்கலாமோ?" "ரெண்டாம் வருசம் பிடிக்கலாம்." "சாப்பாட்டுச்சாலையிலை இந்த இறைச்சிக் கறி கிடைக்குமோ?" "இல்லை. பாணும் மண்ணிறச் சீஸும்." நான் மேசைக்குக் கீழாலை காலாலை தட்டினனான். அவ, "ஏன் உதைக்கிறீர், சந்திரகுமார்?" எண்டு எல்லாருக்கும் கேக்கக் கேட்டா.

உரை முடிஞ்சாப் பிறகு அபிலாஷ் பல்கணிக்கு வந்து எனக்குப் பக்கத்திலை நிண்டான். "மாமா, அந்த மனுசி ஒண்டையும் மறைக்கேல்லை. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. நான் இஞ்சை வந்து படிக்கப் போறன்" எண்டான். விண்ணப்பத்தைப் போனிலை முழுக்க நிரப்பிப்போட்டான், தங்கச்சி. அனுப்புற பொத்தானை மட்டும் அமத்தேல்லை. ஏனடா எண்டு கேட்டனான். "அப்பா போனதிலையிருந்து நான் வீட்டை வந்து கதவு பூட்டுற சத்தம் கேட்டால்தான் அம்மா லைற்றை நிப்பாட்டுறவ. அவ ஓம் எண்டு சொல்லாமல் அனுப்பமாட்டன்" எண்டான். பிறகு, "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ" எண்டவன். சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தனான். எழுதமாட்டன் எண்டு குடுக்கேல்லை.

அண்ணன் சொல்லுறன், அவனை விடு. பிள்ளையள் எங்கடை உடுப்புப்பெட்டி இல்லை, பூட்டி வைக்க. இரண்டரை மணித்தியாலப் பறப்பு, என்ன பெரிய தூரம்? ஞாயிற்றுக்கிழமையளிலை இஞ்சை சாப்பிடுவான், குல்லா போட்டிட்டானோ எண்டு நான் நிண்டு பாப்பன். தாய் தேப்பன் மனசைத் திடப்படுத்த வேணும். பெத்தது நாங்கள் எண்டாலும், போறது அவையள். இதைத்தான் அண்டைக்கு எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னாலை எழும்பி நிண்டும் சொன்னனான். லூக்காஸ் கைதட்டினவன்.

நல்லூர்க் கந்தன் உனக்கு உடல் நலமும் மனத் தைரியமும் தந்து, உன் வீட்டு விளக்கு என்றும் பிரகாசிக்க அருள்வானாக. உன் மச்சாள் தன் அன்பையும் அரைக் கிலோ மிளகாய்த்தூளையும் அனுப்புகின்றாள்.

என்றும் உன் நலம் நாடும் அண்ணன்,
சந்திரகுமார்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகேக்கை ஹம்சத்வனி வந்து பக்கத்திலை இருந்தாள். லீட்ஸிலை ஒரு பல்கலைக்கழகத்திலை தனக்கு இடம் கிடைச்சிட்டுதாம், ஆவணியிலை போகவேணுமாம். மார்கழியிலையிருந்து சொல்லப் பயந்து வச்சிருந்தவளாம். "அப்பா, அண்டைக்கு நீங்கள் எழும்பிக் கதைச்சதைக் கேட்டுத்தான் எனக்குத் தைரியம் வந்தது" எண்டுறாள். தங்கச்சி, மேலை எழுதினதை ஒண்டையும் வாசியாதை. அது இன்னொருத்தியின்ரை பிள்ளைக்கு எழுதினது. லீட்ஸ் உன்ரை வீட்டிலையிருந்து எவ்வளவு தூரம்? அங்கை மழையோ? இவளுக்கு வெங்காயம் உரிக்கவும் தெரியாது. மச்சாள் சிரிக்கிறா, எனக்குச் சிரிப்பு வரேல்லை. பிள்ளை வாற சத்தம் கேக்குமட்டும் முழிச்சிருக்கிறியாம், அது எப்பிடி எண்டு எனக்கும் ஒருக்கால் சொல்லித் தா. லீட்ஸ் கதவுச் சத்தம் எல்லிங்ஸ்ருட்டுக்குக் கேக்காதே.