வளையத்தில் நுழையாத முடிச்சு

திண்டிவனம்,
8-2-1938, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி தேவசகாயத்துக்கு,

உன் அக்காள் சவுரியம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. உன்னையும் உன் மனைவி குழந்தைகளையும் ஆண்டவர் குன்னூர்க் குளிரிலிருந்து காப்பாராக. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்ற குறைகள் எல்லாவற்றுக்கும், உன் துரை சீமைக்குப் போகும்போது உனக்குக் கொடுத்து, நீ கிறிஸ்துமஸுக்கு எனக்கு அனுப்பிய தூண்டில்தான் பொறுப்பு.

இன்று காலை கண் விழித்ததும் நான் செய்த முதல் காரியம் ஜெபம் அல்ல; அடுப்பு மூட்டியதும் அல்ல. தண்ணீரில் ஊறப்போட்டிருந்த தூண்டில் நுனி நரம்பை எடுத்து, நேற்று வந்த உன் மூன்றாவது கடிதத்தில் கண்டபடி வீச்சு நூலோடு முடிந்து, தெருக்கதவின் தாழ்ப்பாளில் மாட்டி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். முடிச்சு நின்றது. தாழ்ப்பாள்தான் திருகாணியோடு என் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசல் தெளிக்க வந்த சின்னபொண்ணு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, திருடன் வந்து பண்ற வேலைய நீங்களே பண்ணிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டாள். மீன் பிடிக்க முடிச்சைச் சோதிக்கிறேன் என்றேன். "மீனு வேணும்னா சந்தையில கூறு கட்டி வச்சிருக்கான், ஜல்தியா போயி வாங்கியாறேன். அதுக்குப் போயி கதவப் புடுங்குவாங்களா?" என்றாள். இப்போது கதவுக்கு அண்டைகொடுத்து அம்மிக்குழவியை வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

உனக்குத் தெரியும் என்று நம்பியதால் இத்தனை நாளும் நான் எதையும் விளக்கி எழுதவில்லை. இப்போது விளக்குகிறேன். நீ அனுப்பிய கழியில் இருப்பது தடித்த பட்டு நூல். அந்தக் கனத்தில்தான் வீச்சு தூரம் போகிறது. ஆனால் அந்தத் தடிமனைக் கண்டால் மீன் கிட்டே வராது. ஆகவே அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு ஒன்றைச் சேர்த்து, அதன் நுனியில் இறகால் செய்த பொய் ஈயைக் கட்டவேண்டும். இந்தத் தடித்ததையும் அந்த மெல்லியதையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் நான் உன்னைக் கேட்ட ஒரே கேள்வி. மெல்லிதாக முடிந்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. பலமாக முடிந்தால் கழியின் நுனி வளையத்தில் நுழைய மறுக்கிறது. பிடிப்பது நுழையாது, நுழைவது பிடிக்காது. உன் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். முதலாவதில் "சும்மா ஒரு முடிச்சுப் போட்டால் போதும், அக்கா" என்கிறாய். இரண்டாவதில் "இரண்டிலும் கண்ணி போட்டு ஒன்றுக்குள் ஒன்றை விடு" என்கிறாய். மூன்றாவதில், "எதற்கும் இரண்டு சுற்றுக் கூடப் போட்டுப் பார். உண்மையைச் சொன்னால், துரை முடிச்சுப் போடும்போது நான் டிபன் கூடையில் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்கிறாய். இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் என் வீட்டுக் கதவுக்கு இன்று தாழ்ப்பாள் இருந்திருக்கும்.

விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைக்காதே. உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது எழுதியாகவேண்டும். அண்ணி காலமான பிறகு நம் அண்ணன் அந்தோணிசாமி விழுப்புரம் வீட்டில் தனியாக இருப்பதும், எந்தச் சமையல்காரியும் அங்கே மாதம் தாண்டாததும் உனக்குத் தெரியும். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றும் அவர் கார்டு உத்தியோகத்தை விடவில்லை. கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரசம் கொதிப்பதைப் பார்த்தால் எவள் இருப்பாள்? ஆகவே நான் வேலையை விட்டுவிட்டு அங்கே வரவேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிவருகிறார். நான் இந்தக் காது வழியாக வாங்கி அந்தக் காது வழியாக விட்டுவந்தேன். போன மாதக் கடைசியில் நேரில் வந்துவிட்டார். நான் ஏரிக்கரையில் நின்று கழி வீசுகிற செய்தி எனக்கு முன்பே விழுப்புரம் ஜங்ஷன் போய்ச் சேர்ந்திருக்கிறது. "உன் தங்கச்சி கரையில நின்னுக்கினு காத்த சாட்டையால அடிக்கிறாளாமேன்னு பிளாட்பாரத்துல மல்லாட்டை விக்கிறவன் கேக்கறான் சவுரி! பேஜாரா கீது எனக்கு. தனியா இருந்தா புத்தி இப்படித்தான் போவும். கெளம்பு, ஊட்டுக்கு" என்றார். கோபத்தில் நான், "பிடித்துக் காட்டுகிறேன், அப்புறம் பேசுங்கள்" என்றேன். அதை அவர் விடவே இல்லை. பந்தயம் இதுதான்: மூன்று ஞாயிறு அவர் இங்கே வருவது. அதற்குள் அவர் கண் முன்னால் ஒரு மீனை நான் கரையேற்றினால் அந்தப் பேச்சை அவர் இனி எடுப்பதில்லை. இல்லையென்றால் கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடியதும் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு நான் விழுப்புரம் போவது. நான் சரி என்றேன். சந்தைத் திடலில் சேவற்சண்டைக்குப் பந்தயம் கட்டுகிறவர்களைக் கண்டு முகம் சுளித்து நடந்தவள் நான். பி.ஏ., எல்.டி. என்று பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்கிறவள். என் மிச்ச வாழ்நாளை ஒரு விரால் மீனின் வாயில் வைத்துப் பந்தயம் கட்டினேன்.

முதல் ஞாயிறு, பூசை முடிந்து கரைக்குப் போனோம். உன் முதல் கடிதத்தின்படி சும்மா ஒரு முடிச்சு. அண்ணன் குடை பிடித்துக்கொண்டு, கழுத்தில் ஊதலோடு நின்றார். அல்லிக் கொடிக்கு ஓரமாக ஈ விழுந்தது, விழுந்த இடத்தில் தண்ணீர் குழிந்தது, கழி வளைந்தது. உடனே அண்ணன் ஊதலை எடுத்து ஊதினார். ஏன் ஊதினீர்கள் என்று பிற்பாடு கேட்டதற்கு, "வண்டி நகந்தா ஊத வேணாமா?" என்றார். நான் திடுக்கிட்டுக் கழியைத் தூக்கினேன். முடிச்சு எண்ணெய் தேய்த்துக்கொண்டவன் கையைப் போல வழுக்கிக்கொண்டு போயிற்று. நரம்பும் ஈயும் மீனும் ஏரிக்குள். பட்டு நூல் மட்டும் என் காலடியில். ஊதலின் மேல் பழி போட எனக்கு ஆசைதான், ஆனால் முடிச்சு அவிழ்ந்தது ஊதலால் அல்ல.

இரண்டாம் ஞாயிற்றுக்கு உன் இரண்டாம் கடிதத்தின்படி கண்ணிகள் போட்டேன். அதோடு நான் நின்றிருக்கவேண்டும். எதிர்வீட்டுக் கம்பவுண்டர் சக்கரபாணி பார்த்துவிட்டு, "கொடுங்க டீச்சர், இது வயிறு தைக்கிற பட்டு. இதால கட்டினா மனுசன் தும்முனாகூடப் பிரியாது, மீனு இன்னா பண்ணிடும்?" என்று வாங்கிக்கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிக் கட்டி, அரக்கும் உருக்கி ஊற்றிக் கொண்டுவந்தார். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மொத்தை. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நேற்று முன்தினம் அதைக் கொண்டுபோனேன். மீன் எடுத்தது. இந்த முறை நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அண்ணன் ஊதவில்லை. சக்கரபாணியும் கூட வந்து நின்றார். நூலை இழுக்க இழுக்க மீன் வந்தது. கறுத்த முதுகு, விரால்தான், என் முழங்கை நீளம் இருக்கும். இன்னும் ஒரு முழம் வந்தால் கூடைக்குள். அப்போது சுண்டைக்காய் வளையத்தில் வந்து 'டொக்' என்று இடித்து நின்றது. நூல் ஒரு விரற்கடைகூட உள்ளே வரவில்லை. நான் பின்னால் நடந்து பார்த்தேன், முள்வேலி இடித்தது. மீன் அங்கே, நான் இங்கே, நடுவில் அரக்கு. "அவுட்டர்ல நின்னுப்போச்சுடா வண்டி! சிக்னலே உழல!" என்று அண்ணன் குடையைத் தட்டிச் சிரித்தார். விரால் ஒரு உதறு உதறிற்று, கொக்கி கழன்றது, போய்விட்டது. "முடிச்சு நின்னுச்சு பாத்தீங்களா டீச்சர்!" என்றார் சக்கரபாணி. பிரேதத்தில் தையல் பிரியவில்லை என்று சந்தோஷப்படுகிற ஜாதி அவர். திரும்பும் வழியில் அண்ணன் மிகவும் அன்பாகப் பேசினார். விழுப்புரத்தில் எனக்கு எந்த அறை என்று சொன்னார். ஜன்னல் கூட ஸ்டேஷன் பக்கம் பார்த்தது என்றார்.

இன்னும் ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. இந்த ஊரில் எனக்கென்று இருப்பது வாடகை வீடு ஒன்று, எட்டாம் வகுப்பு ஒன்று, மாலையில் ஏரிக்கரையில் ஒரு நாழிகை. நூல் தலைக்குப் பின்னால் போய் நீண்டு, திரும்பி முன்னால் விரியும் அந்த ஒரு கணத்தில் நான் யாருக்கும் டீச்சரும் இல்லை, தங்கச்சியும் இல்லை. ஆகவே உன் கூடையை மறந்துவிட்டு யோசி. துரை எப்படிக் கட்டினார்? கிளப்பில் வேறு துரைகள் இருப்பார்கள், அவர்களில் யாரையாவது கேள். வழுக்காததாகவும் வளையத்தில் நுழைவதாகவும் ஒரே ஒரு வழியை, படம் போட்டு, சனிக்கிழமைக்குள் என் கையில் கிடைக்கும்படி எழுது. எழுதாவிட்டால், விழுப்புரத்தில் ரசம் கொதிக்க வைக்கும்போதெல்லாம் உன்னை நினைப்பேன்.

உன் மனைவிக்கு என் முத்தம். குழந்தைகள் தினமும் படிக்கட்டும், மாலையில் விளையாடட்டும், யாரோடும் பந்தயம் கட்டாதிருக்கட்டும். தேவமாதா உங்கள் எல்லாரையும் தம் கரத்தில் வைத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த உன் அக்காள்,
சவுரியம்மாள்.

பின்குறிப்பு: மாலை. கடிதம் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. மேலே கேட்டது எதையும் அனுப்பாதே.

'டொக் என்று இடித்து நின்றது' என்று எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முடிச்சு வளையத்தில் நுழைந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? நரம்பு கழியைவிட ஒரு முழம் நீளம். அதனால்தான் மீன் கிட்டே வருமுன் முடிச்சு வளையத்துக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து நரம்பில் ஒன்றரை முழம் வெட்டிப் போட்டேன். இரண்டு பெரிய கண்ணிகள், உன் இரண்டாம் கடிதத்தின்படிதான், அரக்கு இல்லை. முடிச்சு எவ்வளவு மொத்தையாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அதை வளையம் பக்கமே கொண்டுபோகவேண்டியதில்லை. கரைக்குத் தனியாகப் போனேன். ஐந்தாவது வீச்சில் எடுத்தது. முடிச்சு வளையத்துக்கு வெளியே ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதே விரால் என் கூடையில் துள்ளிக்கொண்டிருந்தது.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் சின்னபொண்ணு பார்ப்பாள். குழம்பு கொதிக்குமுன் செய்தி விழுப்புரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றைப் பிடித்துக் காட்ட என்னால் முடியும் என்றுதான் தோன்றுகிறது. காட்டினால், என் இஷ்டத்தால் அல்ல, மீன் பிடித்ததால் இந்த ஊரில் இருக்கிறவள் ஆவேன். அடுத்த வருஷம் எனக்குக் கண் மங்கினால் அண்ணன் வேறொரு மீனைக் கேட்பார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கழியை எடுக்கப்போவதில்லை. பாசஞ்சர் வரும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வெறுங்கையோடு போய், "அண்ணா, பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன். விழுப்புரத்துக்கும் வரவில்லை" என்று பிளாட்பாரத்திலேயே சொல்லப்போகிறேன். அவர் ஊதட்டும். இதை நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.