மேல்பல்லும் இடது கண்ணும்

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று நாற்பத்தோரு வயது வரை நம்பியவள் நான். சும்மா நம்பவில்லை, பிரசாரமே செய்திருக்கிறேன். பல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய என் நாத்தனாரை அரியலூர் பேருந்து நிலையத்தில் மடக்கித் திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன். ஆதாரம் கேட்டால் எங்கள் சித்தப்பாவைக் காட்டுவேன். ஐம்பது வயதில் பல்லைப் பிடுங்கினார், அதே வருடம் கண்ணாடி போட்டார். (ஐம்பது வயதில் பாதி ஊர் கண்ணாடி போடுகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

இப்படிப்பட்ட எனக்கு, கண் பரிசோதனைக்கு நாள் குறித்த அதே வாரத்தில் பல்வலி வந்தது. நான் கீழப்பழுவூரில் கரும்பு டிராக்டர் ஓட்டிப் பழகியவள், ஹெவி லைசென்ஸும் எடுத்திருந்தேன். பெரம்பலூரில் ஒரு கல்லூரிக்கு பஸ் டிரைவர்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினேன். அங்கிருந்த மேனேஜருக்கு மட்டும் மனம் வரவில்லை.

"ஓட்டுறதெல்லாம் சரிதாம்மா. லேடீஸ்னா சைடு கண்ணாடிய பாக்க மாட்டாங்களே."

"திங்கக்கெழம கண் டெஸ்ட்டு இருக்குல்ல சார், அன்னைக்குப் பாப்போம்" என்றேன்.

அப்படிப் பேசிய வாய்தான் புதன்கிழமை வலிக்க ஆரம்பித்தது. இடப்பக்கம் மேல்வரிசை, கோரைப்பல்லுக்கு அடுத்த பல். கீழ்ப்பல்லாக இருந்தால் அன்றைக்கே பிடுங்கியிருப்பேன். கண் டெஸ்ட்டை வைத்துக்கொண்டு மேல்பல்லில் கை வைக்க முடியுமா? நானே வைத்தியத்தில் இறங்கினேன். கிராம்பை அதக்கினேன். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பினேன், ஈறு வெந்தது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன், கன்னம் உப்பியது.

என் கணவர் முருகேசன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். "டாக்டர்ட்ட போலாம் அரசி" என்று நாலு நாள் கெஞ்சினார்.

"கண்ணு போச்சுன்னா நீங்களா வந்து பஸ் ஓட்டுவீங்க?" என்று நாலு நாளும் அவர் வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வலி பட்டென்று நின்றுவிட்டது. வலி நின்றால் நோய் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? கோழிக் குழம்பு வைத்து, வலப்பக்கமாகவே மென்று கொண்டாடினேன். (பல்லின் நரம்பு செத்தாலும் வலி நிற்கும், ஆனால் சீழ் நிற்காது என்பது பிறகுதான் தெரிந்தது.)

திங்கட்கிழமை விடிந்து கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடப்பக்கம் வேறு யாருடையதோ போல இருந்தது. கன்னம் மேலேறி இடது கண்ணை முழுதாக மூடிவிட்டது.

முருகேசன் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "கண்ணு போயிடும்னு பல்ல காப்பாத்துன. இப்ப பல்லு இருக்கு, கண்ணத்தான் காணோம்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. நல்ல வேலை, மாதச் சம்பளம், ஊரே பார்க்க பஸ் ஓட்டிக்கொண்டு வரும் பெருமை எல்லாம் அந்த வீக்கத்துக்குள் போய்விட்டதாகப் பட்டது. ஆனாலும் விடவில்லை. துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். முருகேசனும் கூடவே வந்தார்.

கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் பதினோரு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஆண்கள். பெயர்ப் பட்டியலோடு மேனேஜரும் நின்றார். நான் கடைசி. என் மூளை அப்போது அபாரமாக வேலை செய்தது. முன்னால் போனவர்கள் அட்டையிலிருந்த எழுத்துகளைச் சத்தமாகப் படிக்கப் படிக்க, மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

முதலில் இடது கண்ணை மூடச் சொன்னார் டாக்டர். (ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.) வலது கண்ணால் ஒழுங்காகப் படித்தேன். அடுத்து வலது கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். உலகம் இருண்டது. அசராமல் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை கடகடவென்று ஒப்பித்தேன்.

"அபாரம்மா. ஆனா நான் லைட்ட அணைச்சு ரொம்ப நேரமாச்சே" என்றார் டாக்டர்.

பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. மேனேஜர்தான் எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தார். டாக்டர் துப்பட்டாவை விலக்கி, வீங்கிய இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"கண்ணுல ஒண்ணுமில்ல. இது பல்லு கேஸு. இப்பவே போங்க. இப்படியே வுட்டீங்கன்னா சீழு மேல ஏறி நெசமாவே கண்ணுக்கு ஆபத்தாயிடும்."

மேனேஜர் வியாழக்கிழமை வரை தவணை கொடுத்தார். அதற்குள் கண் திறக்காவிட்டால் என் பெயரை அடித்துவிடுவாராம்.

அதே தெருவில் பல் டாக்டர் இருந்தார், சின்ன வயதுப் பெண். "மேல்பல்லு புடுங்குனா கண்ணு…" என்று நான் ஆரம்பித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கண் பார்வைக்கு உள்ள நரம்பு வேற, பல்லு நரம்பு வேறக்கா. புடுங்குனா கண்ணு போவாது. புடுங்காம இருந்ததுக்குத்தான் இந்தக் கதி."

நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஜன்னலுக்கு எதிரே ஒரு உரக்கடை போர்டு தெரிந்தது. ஊசிக்கு முன்னால் ஒரு தடவை, ஊசிக்குப் பின்னால் ஒரு தடவை, பல் வந்ததும் ஒரு தடவை என்று அதைப் படித்துப் பார்ப்பேன். எழுத்து மங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். குறடு வாய்க்குள் இருக்கும்போதும் "யூ…யியா… பொத்தாஷ்" என்று படித்துக்கொண்டே இருந்தேன். (மூடியிருந்தது இடது கண், படித்தது வலது கண்ணால். இதனால் என்ன நிரூபணம் ஆயிற்று என்று இன்று வரை எனக்குத் தெரியாது.)

சீழும் பல்லும் ஒன்றாக வெளியே வந்தன. டாக்டர் கொடுத்த மாத்திரையை இந்த முறை ஈறில் அப்பாமல் ஒழுங்காக விழுங்கினேன். புதன்கிழமை காலை இடது கண் திறந்தது. எதிரே முருகேசன் மூன்று விரலைக் காட்டிக்கொண்டு பதற்றமாக நின்றார்.

"மூணு. நகத்துல கிரீஸு" என்றேன். மனுஷன் அழுதேவிட்டார்.

வியாழக்கிழமை துப்பட்டா இல்லாமல் போனேன். இந்தத் தடவை டாக்டர் லைட்டைப் போட்டு வைத்தார். வலது கண், இடது கண் இரண்டாலும் கடைசி வரிசை வரை படித்தேன். டாக்டர் போதும் என்றார். எனக்குப் போதவில்லை. அட்டையின் அடியில் எறும்பு ஊர்ந்தது போலிருந்த அச்சகத்தின் பெயரையும் ஊரையும் படித்தேன். பிறகு வாசலில் நின்ற மேனேஜரைத் திரும்பிப் பார்த்தேன்.

"சார், ஒங்க சட்டையில மூணாவது பட்டன மாத்திப் போட்டுருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். மாற்றித்தான் போட்டிருந்தார். அங்கேயே வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ் சாவியைக் கையில் வாங்கியபோது எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பல் டாக்டர் போன் செய்தார். "அக்கா, ஒங்களோட டெஸ்ட்டுக்கு வந்து ஃபெயிலான டிரைவர் ஒருத்தர் இங்க ஒக்காந்திருக்காரு. பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. மேல்பல்லுல ஒண்ணப் புடுங்கி வுடுங்கன்னு அடம் புடிக்கிறாரு. புடுங்குனதும் ஒங்களுக்குக் கண்ணு பளிச்சுன்னு ஆயிடுச்சாம்ல?"

அவரைப் போனில் பிடித்துக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பி வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. போகும்போதும், "எதுக்கும் எந்தப் பக்கத்துப் பல்லுன்னு மட்டும் சொல்லிருங்கக்கா" என்றார்.

மூன்று வருடமாகப் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே பஸ் ஓட்டுகிறேன். மேசை மேலேயே கிடக்கும் சாவியை நான் வீடெல்லாம் தேடும் நாட்களில், முருகேசன் பட்டறைக் குறடை எடுத்துக்கொண்டு வந்து எதிரே நிற்பார்.

"வாயத் தொற அரசி. இன்னொண்ணப் புடுங்குனா தெரிஞ்சிரும்."