அப்பா வைத்த ரோஜா

"செடி போயிடுச்சுங்க" என்றாள் மனைவி.

"போகல. வாடியிருக்கு."

"இலையே இல்லாம எது வாடும்?"

சோலார் மெக்கானிக் தொட்டியின் முன்னால் குந்தினார். மழைக்காலம் முழுக்க அக்கா வீட்டில் இருந்த அம்மா, சாயங்காலம் திரும்பி வருகிறாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இந்த ரோஜாவிடம்தான் போவாள்.

கல்யாணமான புதிதில் அப்பா சைக்கிள் கேரியரில் கட்டி, ஏறி மிதிக்காமல் உருட்டிக்கொண்டே கொண்டுவந்த செடி. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் ரேடியோவைப் பாடவிட்டு, ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பார். அவர் போன பிறகு அம்மா காலைக் காப்பியை அதன் அருகில்தான் குடிப்பாள். "உங்க பிள்ளை பண்றதைப் பாத்தீங்களா?" என்று புகாரும் அதனிடம்தான்.

வெயிலோ மழையோ படக் கூடாதென்று, வேலையிடத்தில் கழித்துப்போட்ட, விரிசல் விட்ட சோலார் பேனல் ஒன்றைச் செடிக்குக் கூரையாகச் சாய்த்து வைத்திருந்தார் மெக்கானிக். போனில் அம்மாவிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார். "அப்படியாடா" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

மழை பெய்தது. விரிசலுக்குள் போன தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் இறங்கியது. இலை மஞ்சளானது. பேனலில் படிந்த அழுக்குதான் காரணம் என்று தேய்த்துக் கழுவினார். அந்தத் தண்ணீரும் தொட்டிக்கே போனது. சரியென்று மண்ணை மாற்றினார். புது மண் எடுத்தது, கொல்லையில் உடைந்த பேனல்களைக் குவித்திருந்த மூலையில். மிச்ச இலையும் கொட்டியது.

கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"உடைஞ்ச பேனலை மண்ணுல போடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! உள்ள ஈயம் இருக்குய்யா, தண்ணி பட்டா கசியும்."

"செடியைக் காப்பாத்த வழி?"

"வேற செடி வாங்குறதுதான். அந்த மண்ணை மூட்டை கட்டி இங்க கொண்டுவந்து சேருங்க."

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுறீங்க" என்றாள் மனைவி. "அத்தை கேட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களே சமாளிங்க."

காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு நர்சரிக்கு ஓடினார். வயதான நர்சரிக்காரர் குச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு ரோஜாச் செடியை எடுத்து வைத்தார். அதே நிறம், அதே உயரம்.

"அப்பா கையால வச்ச செடிங்க. அம்மாவுக்கு அவர் ஞாபகமா இருந்தது அது ஒண்ணுதான். கொன்னுட்டேன்." மெக்கானிக் குச்சியை மேசைமேல் வைத்தார்.

"உங்கப்பாவும் இப்படித்தான் மூச்சு வாங்க ஓடிவருவார் தம்பி. உரம்னு சொல்லி டார்ச்லைட் பேட்டரியை உடைச்சுப் போட்டுடுவார். எத்தனை செடி! ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்குத் தெரியக் கூடாதும்பார்."

மெக்கானிக் செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாதுல்ல?"

"காலையிலயே போன் பண்ணிட்டாங்களே! 'பையன் இன்னைக்கு வருவான், அவங்கப்பா வழக்கமா வாங்குறதையே எடுத்து வைங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், அவரைமாதிரியே அழுதுடுவான்'னாங்க."