வேதாந்தத்தின் கழுத்தும் விசாலாக்ஷியின் வேண்டுதலும்

இனிமேல் காபியை உறிஞ்சித்தான் குடிப்பது என்று வேதாந்தம் தீர்மானித்தார்.

மயிலாப்பூரில் பிறந்து, ஐம்பது வயதைத் தாண்டும்வரை தம்ளரை உதட்டில் படவிடாமல் அண்ணாந்தே குடித்துவந்த மனிதர் திடீரென்று இப்படியொரு புரட்சியில் இறங்கியதற்குக் காரணம் அவருடைய கழுத்தில் இருந்தது. நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. சவரக் கண்ணாடிதான் அதை முதலில் காட்டிக்கொடுத்தது. சும்மா இருக்கும்போது சாதுவாக இருந்த அந்தக் கட்டி, எதையாவது விழுங்கினால் மட்டும் மாடிப்படி ஏறி இறங்கியது. அண்ணாந்து காபி குடித்தாலோ ஊருக்கே காட்சி. ஊரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை; எதிரே நிற்கும் மனைவி விசாலாக்ஷியைப் பற்றித்தான் கவலை. அவள் பார்த்தால் டாக்டர். டாக்டர் பார்த்தால் கத்தி. அலுவலகத்தில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கும் வேதாந்தத்துக்கு, உலகத்தில் பயம் என்று இருந்தது கத்தி ஒன்றிடம்தான். விசாலாக்ஷியிடம் இருந்ததற்குப் பெயர் மரியாதை.

உறிஞ்சும் திட்டம் ஒரே ஒரு தம்ளர்தான் நீடித்தது.

"என்னன்னா இது, எச்சப் பண்ணிக் குடிக்கறேள்?"

"சூடா இருக்கு, விசாலம்."

"நேத்திக்கு இதைவிடச் சூடு. அண்ணாந்துதானே குடிச்சேள்? எங்கே, இப்போ அண்ணாருங்கோ."

"கழுத்து வலிக்கறது."

"வலிக்கற கழுத்தைத்தான் பார்க்கணுங்கறேன். அண்ணாருங்கோன்னா!"

அண்ணாந்தார். கட்டி ஏறியது; இறங்கியது. விசாலாக்ஷியின் முகத்தில் அதுவரை இருந்த குறும்பு சட்டென்று அணைந்தது. அன்று மாலையே இருவரும் தியாகராய நகரில் டாக்டர் ஜெயபாரதியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"தைராய்டு கட்டிங்க. ஊசி மூலமா கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். ரிசல்ட் வந்ததும் ஆபரேஷனா இல்லையான்னு பேசிக்கலாம். நீங்களும் யோசிச்சு வைங்க" என்றார் டாக்டர்.

'ஆபரேஷனா' என்பது வரையில்தான் வேதாந்தத்தின் காதில் விழுந்தது. பேசியே பிறர் கழுத்தை அறுப்பவர் என்று அலுவலகத்தில் பெயரெடுத்தவர், தம் கழுத்துக்கும் அதே கதி என்றதும் வெலவெலத்துப்போனார். ஊசி முனை கொண்டுவரப்போகும் செய்திக்கு முன்னால், தாம் முந்திக்கொண்டாக வேண்டும். வியாழக்கிழமை மாலை, விசாலாக்ஷி கடைத்தெருவிலிருந்து திரும்பியதும் ஆரம்பித்தார்.

"விசாலம், டாக்டர் என்ன இருந்தாலும் மனுஷிதானே? தெருமுனைப் பிள்ளையார்கிட்டப் பூக்கட்டிப் பார்த்துடலாம். அவர் சொல்றபடி கேட்டுண்டுடறேன்."

அவள் மறுப்பாள் என்று நான்கு பதில்களைத் தயாராக வைத்திருந்தார்.

"ஆகட்டும். காலம்பறவே போகலாம்" என்றாள் அவள்.

பதில்கள் நான்கும் வீணாயின. அப்போதாவது அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பூக்கட்டிப் பார்ப்பதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சன்னிதியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் கத்தி வேண்டாம், சிவப்பு வந்தால் கத்தி என்று வேதாந்தம் வகுத்துக்கொண்டார். ஆனால், பிள்ளையார் சிவப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால்? தெய்வத்தை அவ்வளவு தூரம் சிரமப்படுத்துவானேன்? விடியற்காலையில் குளித்துவிட்டு, "மடியா நானே கட்டறேன்" என்று அறிவித்து, வாழையிலைத் துண்டுகள் இரண்டிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினார்.

கபாலி குருக்கள் பொட்டலங்களை வாங்கிப் பிள்ளையாரின் காலடியில் வைத்தார்.

"எந்தப் பூவுக்கு என்னன்னு வேண்டிண்டேள்?"

வேதாந்தம் வாயைத் திறப்பதற்குள் விசாலாக்ஷி சொல்லிவிட்டாள்.

"வெள்ளை வந்தா ஆபரேஷன். சிவப்பு வந்தா வேண்டாம்."

வேதாந்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னடி இது? வெள்ளைன்னா வேண்டாம்னுதானே நான்..."

"பூவைக் கட்டினது நீங்க. வேண்டிண்டது நான். டாக்டர் கோட்டு வெள்ளை, ஆஸ்பத்திரிப் படுக்கை வெள்ளை, பஞ்சு வெள்ளை. ஆபரேஷனுக்கு வேற எந்த நெறம் பொருந்தும்?"

"சிவப்புதான் பொருந்தும். ரத்தம்டி!"

"காலங்கார்த்தால சன்னிதியில நின்னுண்டு ரத்தங்கறேளே! குருக்களே, நீங்க எடுங்கோ."

"மாமி வேண்டிண்டா வேண்டிண்டதுதான், மாமா" என்று குருக்கள் கையை நீட்டினார்.

இடப்பக்கப் பொட்டலம் கத்தி. வலப்பக்கப் பொட்டலமும் கத்தி. ஒரே ஒரு கழுத்துக்கு இரண்டு கத்திகளைத் தாமே வாழைநாரில் கட்டிச் சுமந்து வந்திருப்பது வேதாந்தத்துக்கு விளங்கியது.

"பிரிக்காதேயும்!" என்று அலறினார். "ரெண்டுலயும் வெள்ளைதான் ஓய்! ரெண்டும் நந்தியாவட்டை!"

குருக்களின் கை அந்தரத்தில் நின்றது. "பிள்ளையார்கிட்டயே போங்காட்டமா, மாமா?"

விசாலாக்ஷி மட்டும் திடுக்கிடவில்லை.

"தெரியும். வாசல் தொட்டியில இன்னிக்குப் பூத்ததே ஒரே ஒரு செம்பருத்தி. நாம கெளம்பறச்சே அது செடியில இருந்துண்டே நம்மளை வழியனுப்பித்து. போடுங்கோ தோப்புக்கரணம். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் மொணமொணக்காம டாக்டர்கிட்ட வந்து கழுத்தைக் காட்டறேன்னு சொல்லிண்டே போடுங்கோ."

காதுகளைப் பிடித்துக்கொண்டு, சொல்லிக்கொண்டே போட்டார். பாதியில், உட்கார்ந்த நிலையிலேயே நின்றுவிட்டார்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தரமா? அப்போ இப்போ அறுக்கலையா?"

"நேத்திக்குச் சாயங்காலமே கடைத்தெரு டெலிபோன் பூத்துலேருந்து டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். கெட்ட கட்டி இல்லையாம். ஆபரேஷனும் வேண்டாமாம். வளர்றதான்னு மட்டும் பார்த்துண்டா போறுமாம். கேட்டுட்டு நான் அழுத அழுகையில, பூத்துக்காரன் பயந்துபோய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான்."

"ஆத்துக்கு வந்ததுமே சொல்லியிருக்கலாமோன்னோ?"

"சொல்லியிருந்தா? ஜன்மத்துக்கும் அந்த டாக்டர் இருக்கற திக்குல தலைவெச்சுப் படுத்திருப்பேளா?"

படுத்திருக்கமாட்டார் என்பது பிள்ளையாருக்கே தெரியும். கழுத்தின்மேல் இருந்த மலை ஒன்று சத்தமில்லாமல் இறங்கிப்போனதுபோல் இருந்தது வேதாந்தத்துக்கு. மீதித் தோப்புக்கரணங்களை அவர் கும்மியடிப்பதுபோல் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காபி வந்தது.

"அண்ணாந்து குடியுங்கோ. நான் பார்க்கணும்."

குடித்தார். கட்டி உரிமையோடு ஏறியது, இறங்கியது. பாதித் தம்ளரில் அவருக்கு ஒரு சந்தேகம் தோன்றியது.

"ஏண்டி விசாலம், ஒருவேளை டாக்டர் ஆபரேஷன் வேணும்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"உங்களைக் கத்த விட்டிருப்பேனா? வெள்ளைன்னு சொன்ன கையோட நானே ஒண்ணைப் பிரிச்சிருப்பேன். எதைப் பிரிச்சாத்தான் என்ன, ரெண்டும் நீங்க மடியாக் கட்டினதுதானே?"