பிரேக் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போன அகல டயர்

வருங்கால மாமனாரைக் கவர எத்தனையோ வழிகள் உண்டு. பழக்கூடை வாங்கிப் போகலாம். பார்த்ததும் காலில் விழலாம். பெண்ணின் அப்பா போக்குவரத்துத் துறையில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், சட்டம் அனுமதிக்காத டயரைக் காரில் மாட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது எனக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. எல்லோரும் ஆபீஸ் பஸ்ஸிலும் சைக்கிளிலும் போய்வந்த குடியிருப்பில், செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கியிருந்தேன். வாசுகியை மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். எதிர் வரிசையில் உட்கார்ந்து, கூச்சமே இல்லாமல் மூன்றாவது முறை பாயசம் கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு வந்த ஜாதகம் எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் என் கதி என்ன என்று நிஜமாகவே பயந்தேன்.

அந்தப் பயத்தில் பிறந்த யோசனைதான் டயர். நாள் முழுக்க ஓட்டை வண்டிகளையே பார்க்கிற மனிதர், கம்பீரமான ஒரு வண்டியைப் பார்த்தால் மயங்கிவிட மாட்டாரா? (படித்தவன்தான் நான். நம்புங்கள்.) டயர் கடைக்காரர் மட்டும் தயங்கினார்.

"அண்ணாத்த, இது கம்பெனி சைஸ் இல்ல. அலாய் வீலும் டயரும் வெளிய துருத்திகினு நிக்கும். பரவால்லியா?"

"துருத்தினாத்தாங்க தெரியும்" என்றேன்.

தனியாக ஓட்டிப் பார்த்தேன். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. ஆனால் நான், அம்மா, அப்பா என்று மூன்று பேராக நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தைவிடக் கடுமையானது. எனவே நாலாவது ஆளாக மாமாவை அழைத்தார் அம்மா. மாமா வாட்டசாட்டமான ஆள். அவர் பின் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் வண்டி பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே டயர் மட்கார்டில் உரசியது.

"இன்னாடா இது, வண்டி ஊளை வுடுது?" என்றார் மாமா.

"ஸ்போர்ட்ஸ் டயர் மாமா. அப்படித்தான் சத்தம் வரும்."

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நாற்றமும் சேர்ந்துகொண்டது. "ஏதோ கருகுற வாடை வருதே, வூட்ல அடுப்ப அணைச்சனா?" என்று அம்மா புலம்ப ஆரம்பித்தார். செங்கல்பட்டு வரைக்கும் அதே புலம்பல்தான். நான் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

பெண் வீட்டுச் சந்தில் திரும்பும்போது ஸ்டீயரிங் பாதியில் நின்றுவிட்டது. அகல டயர் உள்ளே இடித்தது. முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று நான் வண்டியோடு மல்லுக்கட்டத் தெருவே வாசலுக்கு வந்தது. கைகூப்பி நின்ற இன்ஸ்பெக்டரின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

எல்லோரையும் "வாங்க" என்று உள்ளே அனுப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சக்கரத்தருகே குந்தினார்.

"இது கம்பெனி குடுத்த டயரா தம்பி?"

"இல்ல சார். ஸ்பெஷலா, உங்களுக்காக..."

"எனக்காவா?"

நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். டயரின் ஓரத்தில் விரலை வைத்தார். மட்கார்டு அறுத்த பள்ளத்தில் விரல் நுனி உள்ளே போனது.

"டயரு பாடிய வுட்டு வெளிய வரக் கூடாது. கம்பெனி சொன்ன அளவ நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. அது சட்டம். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா இது வெடிச்சிருக்கும். இந்தப் பக்கம் யாரு உக்காந்துகினு வந்தது?"

"அம்மா."

அவர் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். உள்ளே அம்மா, பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அடுப்பைப் பார்க்கச் சொல்ல முடியுமா என்று வாசுகியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்தின் அளவைப் பற்றிய சட்டமெல்லாம் அபராதம் வசூலிக்க எழுதியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த அளவுக்கு மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் என் அம்மா.

பஜ்ஜி முடிந்ததும் தீர்ப்பு வந்தது. "வண்டி இங்கயே நிக்கட்டும். இதுல உங்க யாரையும் நான் அனுப்ப மாட்டேன்." காபித் தட்டோடு வந்த வாசுகி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகை இல்லை என்பது நிச்சயம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வெற்றிலைப் பாக்குப் பையோடு நாங்கள் பஸ் ஏறினோம். "பொண்ணு பாக்கப் போயி வண்டியக் குடுத்துட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்டா" என்று கம்பியைப் பிடித்து நின்றபடியே மாமா ஊருக்குக் கேட்கச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய சக்கரங்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வாசலிலேயே மாட்டினேன். இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் ஏறினார். வாசுகியையும் ஏறச் சொன்னார். "ஓட்டுங்க." ஏரிக்கரை வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் அவர் சக்கரத்தின் பக்கமாகக் காதைச் சாய்த்தபடியே வந்தார்.

"வேற எதுனா மாத்தி வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றாள் வாசுகி. என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. "இல்லீங்க" என்றேன்.

இறங்கும்போது இன்ஸ்பெக்டர், "சரியா கீது" என்றார். சொன்னது வண்டியைத்தான் என்று நினைத்தேன். நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகுதான் அதில் நானும் அடக்கம் என்று புரிந்தது.

இப்போது மாமனாருக்கு வயதாகிவிட்டது. கண் மட்டும் அதே கண். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு, முதல் தடவையாக மீசைக்கு மை பூசிக்கொண்டு போனேன். பந்தியில் அத்தனை பேருக்கும் நடுவில் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள, ஆர்.சி. புக்குல இந்தக் கலரு இல்லியே?"

சொந்தக்காரர்கள் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. வாசுகி பாயசத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "வுடுப்பா. இத்தன வருசம் ஓட்டியாச்சு, இனிமே யாரு திருப்பி எடுத்துப்பாங்க?"