ராத்தாவின் கறுப்புக் கண்ணாடி

எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். இதைக் கல்முனை பஸ்ஸில் ஒரு வண்டி நிறைய ஆட்களுக்கு முன்னால் நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதனால் இங்கே மறுபடி சொல்வதில் வெட்கமில்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

என் மூத்த சகோதரி சல்மா ராத்தாவுக்குச் சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், பார்வை போய்விட்டது. ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு யாருடைய கையையும் பிடிக்காமல் போய்வர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கொழும்பில் ஒரு சங்கம், வழிகாட்டும் நாய் ஒன்று தந்தது. பெயர் ஜிம்மி. சங்கத்து ஆள் வந்து எனக்கு இரண்டு வாரம் சொல்லித் தந்துவிட்டு, "மூன்று மாதம் பஸ், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கூட்டிப் போய்ப் பழக்குங்கள். பிறகு அவர் கையில் கொடுங்கள்" என்று போய்விட்டார்.

நாயின் வாய் பட்டால் மார்க்கப்படி மண் சேர்த்து ஏழு தரம் கழுவ வேண்டுமே என்று குழாயடியில் ஒரு வாளி மண் வைத்தோம். தேவைக்கு நாய் வைத்திருக்கலாம் என்று மௌலவியும் சொன்னார். வீட்டில் பிரச்சினை இல்லை. பிரச்சினை நான்தான்.

சங்கம் ஒரு கடிதம் தந்திருந்தது. நாயைப் பழக்குபவரையும் நாயோடு பஸ்ஸில் அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தைவிடத் தாழ்மையான ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முதல் நாள் நிந்தவூரில் பஸ்ஸை மறித்தேன். கண்டக்டர் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்:

"காக்கா, கண் தெரியாத ஆள் எங்க?"

"வீட்ட."

"அப்ப நாய் எங்க போகுது?"

பதில் என் சட்டைப் பையில் மடித்துக் கிடந்தது. நான் இறங்கிவிட்டேன். மூன்று நாள் இப்படி. ஜிம்மி பஸ்ஸில் ஏறப் பழகவில்லை. இறங்க நன்றாகப் பழகிவிட்டது.

பார்வையில்லாதவர் நாயோடு வந்தால் ஆட்கள் இரங்குவார்கள். ஆனால் அந்த நாய் எங்கே படித்துவிட்டு வந்தது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. நானும் அதை விளக்கப் போகவில்லை. வேறு பஸ் ஒன்று பார்த்து, ராத்தாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

மரியாதையென்றால் அப்படியொரு மரியாதை! "மெதுவா, மெதுவா" என்று இரண்டு பேர் தூக்காத குறையாக உட்கார வைத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. எதிரே ஒரு ஹாஜியார், ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற கோலத்தில், பளிச்சென்ற சாரன் உடுத்தி இருந்தார். ஜிம்மி ஈர மூக்கை நீட்டியது. எனக்கு எங்கள் வீட்டு மண் வாளி ஞாபகம் வந்தது.

"ஹாஜியார், காலை எடுங்க! வெள்ளைச் சாரன்ல வாய் வைக்கப் போகுது!"

அவர் காலை எடுத்துக்கொண்டார். சாரன் தப்பியது. பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

"தம்பி," என்றார் ஹாஜியார், "என்ட சாரன் வெள்ளையெண்டு ஒங்களுக்கு ஆர் சொன்ன?"

பின்னாலிருந்து யாரோ, "நாய்தான் சொல்லியிருக்கும்!" என்றார். பஸ் சிரித்து அடங்க, நான் கண்ணாடியைக் கழற்றினேன். "எனக்குக் கண் தெரியும்" என்றேன். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு மெய்யாவே கண் தெரியாத ஒராள் நாயோட வந்தா, இந்த பஸ்ஸில ஆர் நம்புவாங்க?"

அந்த ஒராள் என் ராத்தா. கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தா கண்ணாடியை வாங்கித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ணில்லாத நான் வெளிய போக வெட்கப்படல்ல. ஒனக்கென்னடா? நாளைக்கு அதே பஸ்ஸில ஏறு."

ஏறினேன். கண்டக்டர் வாய் திறக்குமுன், மிதிபலகையில் நின்றபடியே கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'தாழ்மையுடன்' வரைக்கும் வந்தபோது டிரைவர் கத்தினார்: "போதும் காக்கா, ஏறுங்க! பஸ் போகணும்!"

மூன்று மாதமும் முடிந்து, இப்போது ராத்தாவும் ஜிம்மியும் அதே பஸ்ஸில்தான் கிளினிக்குக்குப் போய்வருகிறார்கள். கையைப் பிடிக்க ஒருவருமில்லை. ஆனால் ஏறும்போதெல்லாம் கண்டக்டர் கேட்கிறாராம்:

"ராத்தா, ஒங்கட தம்பிக்கு இப்ப கண் எப்பிடி?"

ராத்தாவின் பதிலும் மாறுவதில்லை.

"அல்ஹம்துலில்லாஹ், கொஞ்சம் திறந்திரிக்கி."