எண்ணெய் ஊற்றாத எஞ்சின்

எனக்கு டீசல் எஞ்சின் தெரியும் என்று ஒரு காலத்தில் இரண்டு பேர் நம்பினார்கள். ஒருவர் என் மாமா. இன்னொருவன் நான்.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எழுபதுகளின் நடுவில், அத்தையை ஏற்றிக்கொண்டு பிரான்சிலிருந்து தரைவழியாகவே ஒரு வேனை ஓட்டி வந்து, காரைக்காலில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பூப்போட்ட திரை. தெருவில் அதற்கு ‘வீட்டு வண்டி’ என்று பெயர் விழுந்தது. ஏற்கெனவே மூன்று பேர் ஓட்டித் தேய்த்த வண்டிதான். ஆனாலும் அத்தனை பாலைவனமும் மலையும் தாண்டி வந்த பிறகு அதன் எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. (பழைய டீசல் எஞ்சின் அப்படியெல்லாம் ஓடாது. மாமா பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.)

காபி குடிப்பதற்கு முன்பே எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்துவிடுவார். காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டுவார். டீசலில் சேர்ந்த தண்ணீரை வடிப்பார். தனக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டாம் நாள்தான் இவருக்குத் தெரியும், எஞ்சின் இருமினால் உடனே எழுந்துவிடுவார் என்று அத்தை குறைப்பட்டுக்கொள்வார்.

ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று சுற்றிவிட்டு, அதே வண்டியில் பிரான்சுக்குத் திரும்புவதாகத் திட்டம். அதற்கு முன் பென்ஷன் காகித வேலையாக இரண்டு வாரம் பாண்டிச்சேரி போக வேண்டியிருந்தது. சாவியை என்னிடம் கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடு, நாங்கள் வருவதற்குள் எண்ணெயை மாற்றிவிடு, வெளியே மட்டும் எடுக்காதே என்றார். எனக்கு வயது இருபத்திரண்டு. டிராக்டர் ஓட்டிப் பழக்கம் உண்டு. எங்கள் வயலில் இருந்த டீசல் பம்புசெட்டைக் கிளப்பத் தெரியும். அது நின்றால் வேறு ஆளைக் கூப்பிடவும் தெரியும்.

அவர்கள் திரும்புவதற்கு முதல் நாள் காலை வண்டிக்கு அடியில் படுத்து, கறுப்பு எண்ணெயை முழுக்க வடித்துத் திருகை முடுக்கினேன். புது எண்ணெய் டின்னைக் கையில் எடுத்த நேரம், எதிர்வீட்டு சாம்பசிவம் ஓடி வந்தார். அவர் பையனுக்கு வரிச்சிக்குடியில் கல்யாணம். பேசியிருந்த கார் வரவில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

“தம்பி, நீங்கதான் எப்படியாவது கொண்டுபோய் விடணும்” என்றார்.

அதுவரை அவர் என்னை ‘டேய்’ என்று மட்டுமே கூப்பிட்டவர். அந்த ‘நீங்க’வில் நான் டின்னைக் கீழே வைத்தேன். வைத்தது வைத்ததுதான்.

மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்தார். அவர் அம்மா அடுப்பின் மேல் சீர்த்தட்டை வைத்தார். வண்டி கிளம்பியதும் எனக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கல்யாண வண்டிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். (சத்தியமாக நினைத்தேன்.) பாதி வழியில் யாரோ அடியிலிருந்து சுத்தியலால் தட்டுவது மாதிரி சத்தம்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, “என்னங்க சத்தம்?” என்றார்.

“டீசல் எஞ்சின்னா அப்படித்தாங்க” என்றேன்.

அடுத்த நிமிடம் இரும்பு இரும்பைக் கடித்ததுபோல் ஒரு கிறீச்சல். புகை. வண்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கி மேளச் சத்தம் வந்த திசையில் ஓடினார். பின்னாலேயே சீர்த்தட்டுடன் அவர் அம்மா. முகூர்த்தம் தப்பவில்லை. எஞ்சினும் தப்பவில்லை.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். மறுநாள் மாமா வந்து குச்சியை உருவினார். துணியில் துடைத்து மறுபடி விட்டு, மறுபடி உருவினார்.

“எண்ணெய் ஊத்தலியா மாப்ளே?”

“மறந்துட்டேன் மாமா.”

அவர் திட்டியிருக்கலாம். குச்சியை மெதுவாக அதன் இடத்தில் செருகிவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தை பயணத்துக்கென்று பாண்டிச்சேரியில் வாங்கிய புதுப் படுக்கை விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸிலும் கன்னியாகுமரி போகலாமே என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

போகவில்லை. எஞ்சின் உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார் மெக்கானிக். அதற்கான உதிரிபாகம் இந்தியாவில் கிடையாது. மாமா எழுதிப்போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வந்த பெட்டியில் வேறு வண்டியின் பாகம் இருந்தது. கடைசியில் இருவரும் விமானத்தில் திரும்பினார்கள். மூன்றாம் வருடம் அத்தை அங்கேயே இறந்துபோனார்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் நான் எதைத் தொட்டாலும், மிக்சியோ மின்விசிறியோ, யாராவது ஒருவர் “எண்ணெய் ஊத்தியாச்சா?” என்பார்கள். இதைத் தொடங்கி வைத்தவர் அன்று வரப்பில் ஓடிய எதிர்வீட்டு மாப்பிள்ளைதான். எண்பதுகளில் என் கல்யாணப் பந்தியில், நான் புதுப்பெண்ணோடு உட்கார்ந்திருக்கும்போது, சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் போகவேண்டிய காரைக் காட்டி உரக்கக் கேட்டார். பந்தியே சிரித்தது. விவரம் தெரியாத என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுத் திரும்பினேன். எதிர் வரிசையில், கல்யாணத்துக்கென்று பிரான்சிலிருந்து தனியாக வந்திருந்த மாமா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, “சாப்பிடு மாப்ளே” என்றார்.